வார நாள் மாலையில் நன்றித் திருநாள் சுவையுடன் எளிதாக என்ன சமைக்கலாம்?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழனன்று வரும் நன்றித் திருநாளுக்காக (தேங்க்ஸ்கிவிங்) மணிக்கணக்கில் வாட்டப்படும் முழு வான்கோழி இல்லாமலேயே, அந்த விருந்தின் சுவையை ஒரு மணி நேரத்திற்குள் தாராளமாகக் கொண்டுவரலாம். ஏனெனில் அந்தச் சுவையின் பெரும்பகுதி இறைச்சியில் அன்று, வெண்ணெயில் வதங்கும் வெங்காயத்திலும் செலரித் தண்டிலும், அவற்றோடு சேரும் சேஜ், தைம் என்னும் நறுமண இலைகளிலுமே இருக்கிறது.

நான் முதலில் பரிந்துரைப்பது ஒரே தட்டில் வேகும் கோழித்தொடை. மேற்சொன்னவற்றை வதக்கி, ஒரு நாள் பழைய ரொட்டித் துண்டுகளையும் அவை ஈரமாகும் அளவுக்குக் கோழிச்சாற்றையும் கலந்து தட்டில் பரப்பி, அதன்மேல் உப்பும் மிளகும் தடவிய, தோலும் எலும்பும் நீக்காத தொடைகளை அடுக்கி, 200 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 40 நிமிடங்கள் அடுமனை அடுப்பில் (ஓவன்) வையுங்கள். தொடையிலிருந்து வழியும் கொழுப்பை அடியிலுள்ள ரொட்டி உறிஞ்சிக்கொள்வதால், தனியே செய்யும் ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவையைவிட இது சுவையானது என்பது என் உறுதியான கருத்து. இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரியை எட்டியிருப்பது மிக அவசியம்.

அது வேகும்போதே, 340 கிராம் கிரான்பெர்ரி என்னும் புளிப்பான சிவப்புப் பழங்களை ஒரு கோப்பை சர்க்கரை, ஒரு கோப்பை தண்ணீருடன் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் சாஸ் தயாராகிவிடும். பழத்திலுள்ள பெக்டின் என்னும் இயற்கைப் பொருள் ஆறும்போது சாஸைத் தானே இறுகச் செய்யும் என்பதால், அடுப்பில் நீர்த்துத் தெரிந்தாலும் மேலும் வற்றவிட வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி வெண்ணெயில் புரட்டி, கோழி வேகும் அதே அடுமனை அடுப்பில் வாட்டிக்கொள்ளலாம்.