கத்துவது நீங்கள், வெளியே போவது அவர்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவம் காரமடையில் அம்மா வீட்டில். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. வந்தால் பாப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு செல்போனோடு உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்கிறார். நான் கத்துகிறேன், அவர் வெளியே போய்விடுகிறார். பாப்பா தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இவருக்கு எங்கள் மேல் பாசமே இல்லையா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

பாசம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்பதில் எனக்கு அலட்சியத்தைவிட ரோஷம்தான் கேட்கிறது.

முதல் மூன்று மாதம் பாப்பாவைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, இது பசி அழுகை, இது தூக்க அழுகை என்று கண்டுபிடித்தது நீங்களும் அம்மாவும். அவர் எத்தனை ஞாயிறு மலையிறங்கி வந்திருப்பார்? வந்தபோதும் மாப்பிள்ளைக்குக் காபி கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். தாய்வீட்டுப் பிரசவத்தை நான் குறை சொல்லவில்லை, அந்த ஓய்வு வேண்டியதுதான். அதில் அப்பாவுக்கு ஒரு வேலையும் வைக்காமல் விட்டுவிட்டோம்.

சமூகப்பணி மாணவர்களுக்கு ஜான் பவுல்பியைப் பாடம் எடுக்கிறேன். இங்கிலாந்தின் மனநல மருத்துவர். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் வீறிட்டு அழும், அப்புறம் சோர்ந்துபோகும், கடைசியில் தாயே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றார். பெரியவர்களின் காதலிலும் தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள இதே பிணைப்புதான் வேலை செய்கிறது என்று 1987-ல் சிண்டி ஹசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். உங்கள் வீட்டில் நீங்கள் வீறிட்டு அழுகிறீர்கள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முதலில் ஆரம்பித்தது யார் என்று தேடாதீர்கள், அகப்படாது.

ஒன்று கேட்கிறேன். ஐப்பசி மழையில் உங்கள் ஊரில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் பாப்பா துணியைக் காயவைப்பது யார்? அவராக இருந்தால், அதுவும் பாசக் கணக்கில்தான் சேரும். (அதற்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.)

பால் கொடுத்ததும் பாப்பாவை அவர் கையில் கொடுங்கள். தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது இனி அவர் வேலை. தலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி தட்டுவது தப்பு, துண்டு போடவில்லை என்று திருத்தாமல் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். இதுதான் கஷ்டம். என் கணவர் முதன்முதலில் துணி மாற்றியபோது நான் கையிலிருந்து பிடுங்கி மறுபடி கட்டினேன். அப்புறம் பல மாதம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. படிப்பெல்லாம் அன்றைக்கு உதவவில்லை.

பேச வேண்டியதை, இலை வரத்து அதிகமாகி அவர் நைட் ஷிப்ட் முடித்து வரும் காலையில் பேசாதீர்கள். தூங்கி எழுந்தபின், "உங்களுக்கு எங்க அக்கறை" என்பதற்குப் பதிலாக, "நீங்க எழுந்து போனதும் எனக்கு பயமாயிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனதுதான் என்னை உறுத்துகிறது. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். நான்கு மாதம் கழித்தும், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். உங்கள் குணமோ கோபமோ அல்ல, குணப்படுத்தக்கூடிய நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாப்பாவை அவர் தூக்கிக்கொள்ளட்டும்.