மஞ்சளும் மிளகும் கொரோனாவுக்கு மருந்தாகுமா?

கேள்வி: மஞ்சளிலும் நிலவேம்பிலும் உள்ள பொருள்கள் கொரோனா வைரஸின் புரதத்தில் ஒட்டிக்கொள்வதாகக் கம்ப்யூட்டர் ஆய்வு சொல்கிறதாம். அதைப் படித்ததிலிருந்து என் மாமனார் மஞ்சள், மிளகு, நிலவேம்பு போட்டு இரண்டு வேளையும் கஷாயம் குடிக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். குடிக்கலாமா?

- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது அம்மா. அவருடைய டாக்டரைக் கேட்கும்வரை கஷாயம் வேண்டாம்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. இந்த வைரஸ் தன் நீளமான புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்க ஒரு நொதியை (என்சைம்) வைத்திருக்கிறது. மஞ்சளின் குர்குமின், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு போன்றவை அந்த நொதியின் குழிக்குள் பொருந்துவதாக 2020 முதல் எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. ஆனால் அவை கம்ப்யூட்டர் திரையில் பொருந்துகின்றன. குடித்தது ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போக வேண்டாமா?

இதே ஊரில் ஒரு மருந்தியல் ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். குர்குமினைத் தண்ணீரில் போட்டுக் கலக்கக் கலக்க மஞ்சளாகச் சுழலும். கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சுத் தூளாக அடியில் படிந்துவிடும். கரைவதே இல்லை. உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். நம்ம ஊர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் இதைச் சோதித்தார்கள். 2 கிராம் குர்குமின் சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் 2000 சதவீதம் கூடியது. அப்படிக் கூடியும், ஏறக்குறைய ஒன்றுமில்லாததிலிருந்து கூடியதுதான்.

மிளகு என்ன செய்தது? கல்லீரலின் வேலையைத் தாமதப்படுத்தியது. பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மருந்திலும் இதே ஏற்பாடு உண்டு. நிர்மட்ரெல்விர் அந்த நறுக்கும் நொதியை அடைக்கும், கூட வரும் ரிட்டோனவிர் கல்லீரலைத் தாமதப்படுத்தும். அப்படித் தாமதமானால் கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகளும் ரத்தத்தில் தேங்கலாம். உங்கள் மாமனார் விஷயத்தில் அது ரத்தக்கசிவில் போய் முடியலாம்.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவே மாட்டேன். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். அதற்காகச் சீன விஞ்ஞானி டு யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. சூடுபடுத்தினால் சத்து போய்விடுகிறது என்று சந்தேகப்பட்டு, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தபோதுதான் அவருக்கு அது கைக்கு வந்தது. செடியைக் கொதிக்கவைத்தாலே மருந்து இறங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம், பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது என்னென்ன, எத்தனை ஸ்பூன், எத்தனை நாளாக என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ரசத்தில் போடும் மிளகையும் சாம்பாரில் போடும் மஞ்சளையும் பற்றிப் பயம் வேண்டாம், அது எப்போதும்போல இருக்கட்டும்.