குகைக்குள் டைவ் செய்ய நான் தயாரா?

கேள்வி: ஸ்கூபாவில் அட்வான்ஸ்டு, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) கோர்ஸ் இரண்டும் முடித்துவிட்டேன். லாக்புக்கில் எண்பது டைவ் இருக்கிறது. அடுத்து குகை டைவிங் படிக்க ஆசை, கோர்ஸில் சேரக் கேட்கும் குறைந்தபட்சத் தகுதியும் இருக்கிறது. குகை டைவிங் தெரிந்த நண்பர் ஒருவர், "முதலில் என்னோடு கொஞ்ச தூரம் உள்ளே வந்து பார், பிடித்திருந்தால் சேர்ந்துகொள்" என்கிறார். நான் தயாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நண்பரிடம் முதலில் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. உள்ளே அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால், வெளியே கூட்டிவர வேண்டியவர் நீங்கள், உங்களுக்கோ வழி தெரியாது. ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கக் குகை டைவர் 1970களில் விபத்துகளை ஒவ்வொன்றாக அலசியபோது, வெளியே வரை தொடர்ச்சியாக லைன், அதாவது வழிகாட்டிக் கயிறு, போடாதது, திரும்பி வரக் காற்றை ஒதுக்காதது, அளவுக்கு மீறிய ஆழம் என்று அதே காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. பயிற்சி இல்லாமல் போவதும், போதுமான டார்ச் இல்லாததும் பிறகு அந்தப் பட்டியலில் சேர்ந்தன. புளோரிடாவில் பல குகை வாசல்களில் நீருக்கடியிலேயே எமன் மாதிரி ஓர் உருவம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கிறது, இறந்தவர்களில் ஸ்கூபா பயிற்சியாளர்களும் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. தலைக்கு மேல் கூரை இல்லாத திறந்த நீரில் வாத்தியாராக இருப்பவருக்கே அந்த நிலைமை.

சரி, எண்பது டைவுக்கு வருவோம். எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வழிகாட்டி முன்னால் போக, வெதுவெதுப்பான தெளிந்த நீரில் மீன் பார்த்துக்கொண்டே பின்னால் நீந்திய எண்பது என்றால், அது ஒரே டைவை எண்பது முறை செய்தது மாதிரி. உங்கள் கவனம் வேறு வேலையில் இருக்கும்போது உங்கள் உடம்பு தண்ணீரில் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இதை நீங்களே சோதிக்கலாம். பத்திரமான, ஆழம் குறைந்த இடம், ஐந்தாறு மீட்டர் போதும், கூட ஒரு நல்ல துணை. மாஸ்க்கைக் கழற்றி மாட்டுங்கள், மாற்று ரெகுலேட்டரை (வாயில் வைத்துக் காற்று இழுக்கும் கருவி) எடுத்துத் துணைக்குக் கொடுங்கள், ஒரு சின்னக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழுங்கள். ஆழமானியில் அரை மீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது, கை துழாவக் கூடாது, முழங்கால் தொங்கக் கூடாது. இதைக் கட்டாயம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நாம் படுக்கைவாட்டில் மிதப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது படத்தில் பார்த்தால் பெரும்பாலும் நாற்பத்தைந்து டிகிரியில் நின்றுகொண்டிருப்போம். குகையில் அந்தச் சாய்வு அழகுக் குறைச்சல் மட்டும் இல்லை. கால் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு உதையும் தரையிலுள்ள வண்டலைக் கிளப்பும், நுண்ணிய களிமண்ணாக இருந்தால் அது அடங்கவே மணிக்கணக்காகும், டார்ச் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முன்னால் வெறும் வெள்ளைத் திரைதான் தெரியும். அப்போது விரல்களுக்கு நடுவே இருக்கும் லைன் ஒன்றுதான் வழி. அதனால் தவளை உதை, பின்னால் போகும் உதை, இருந்த இடத்திலேயே திரும்புவது, இந்த மூன்றையும் இப்போதே பழகத் தொடங்குங்கள். அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றால் கோர்ஸ் நேரம் முழுவதும் மிதப்பைச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

அப்புறம் மூச்சு. மூன்றில் ஒரு பங்கு விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு அவசரத்துக்கு. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தோடு தொடங்கினால், மூன்றில் ஒரு பங்கைக் கீழ்நோக்கி முழுமையாக்கி, 60 செலவானதும், அதாவது 140-ல், திரும்பிவிட வேண்டும். கடைசிப் புள்ளியில் துணையின் காற்று முழுதும் போய்விட்டால் உங்களிடம் மிஞ்சியிருக்கும் இரண்டு பங்கில் இருவரும் வெளியே வர வேண்டும். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் இருவரும் நிதானமாக மூச்சு விட்டால் மட்டும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் இழுப்பார், பதறினால் அதுவே 120 ஆகலாம். அதனால் பல டைவ்களில் உங்கள் காற்றுச் செலவைக் குறித்துவைத்துப் பாருங்கள், குறிப்பாக எரிச்சலூட்டும் டைவ்களில். குளிர், எதிர்நீரோட்டம், மாஸ்க்கில் கசிவு என்று சின்னச் சின்னத் தொல்லை வந்த நாளில் கணக்கு எகிறுகிறதா? அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நாள் திறந்த நீரிலேயே இருங்கள்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் கேட்டுக்கொள்வதில்லை: கடைசியாக எப்போது ஒரு டைவை நடுவில் நிறுத்தினீர்கள்? குகை டைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணமே சொல்லாமல் திரும்பலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. காசு கொடுத்துவிட்டோமே, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கட்டைவிரலை உயர்த்த (டைவிங்கில் அதற்கு 'முடித்துக்கொள்வோம்' என்று அர்த்தம்) தயங்குகிறவராக இருந்தால், எனக்கு உங்கள் மிதப்பைவிட அதுதான் கவலை.

கருவிகளை இப்போது வாங்காதீர்கள். பயிற்சியாளர் என்ன அமைப்பில் கற்றுத் தருகிறார் என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

அந்தப் பயிற்சியாளரிடம் சேருவதற்கு முன் ஒருநாள் மதிப்பீட்டு டைவ் கேளுங்கள், யாரையாவது தேர்ச்சி தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படி யாரையுமே அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். உங்களையே "மூன்று மாதம் பழகிவிட்டு வா" என்று சொன்னால் கோபப்படாமல் அவரிடமே திரும்பப் போங்கள். எப்படியும் முதல் படி கேவர்ன் கோர்ஸ்தான், அதில் வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டுவதில்லை. உங்கள் ஆசை நிஜமா என்று அங்கேயே தெரிந்துவிடும், அதோடு நிறுத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.