வலையை மாற்றும் முன் வேக்குவம் மீட்டரைப் பாருங்கள்

மண்டபம் பக்கம் கடற்பாசியிலிருந்து காராகீனன் (உணவை ஜெல்லாக்கும் கோந்து) எடுக்கும் சிறு ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: “பாசிச் சாற்றை ஆல்கஹாலில் திரட்டும் முன் எவாப்பரேட்டரில் சுண்ட வைக்கிறோம். சாறு 90 டிகிரியில் உள்ளே வரும், கொதிப்பது 60 டிகிரியில். ஆவியும் சாறும் பிரியும் பாத்திரமான செபரேட்டரின் விட்டம் 600 மி.மீ., மணிக்கு 300 கிலோ ஆவி போகிறது. ஆவி குளிர்ந்து கிடைக்கும் தண்ணீர், அதாவது கண்டென்சேட், கலங்கலாக, பிசுபிசுவென்று வருகிறது. மேலே துளிகளைத் தடுக்க இருக்கும் டெமிஸ்டர் வலையை இன்னும் தடிப்பாக மாற்றியும் பலனில்லை. என்ன செய்யலாம்?”

இன்னொரு வலைக்குப் பணம் போடாதீர்கள். உங்கள் கணக்கில் இடிப்பது ஆவியின் வேகம்.

60 டிகிரியில் கொதிக்கிறது என்றால் வேக்குவம் மீட்டர் (உள் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்று காட்டுவது) ஏறக்குறைய 610 மி.மீ. பாதரசம் காட்டும். அந்த அழுத்தத்தில் ஒரு கிலோ ஆவி ஏழரை கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். திறந்த பாத்திரத்தில் கொதித்தால் அதே ஒரு கிலோவுக்கு 1.7 கன மீட்டர் போதும். ஆக, 300 கிலோ ஆவி உங்கள் 600 மி.மீ. பாத்திரத்துக்குள் விநாடிக்கு 2.3 மீட்டர் வேகத்தில் மேலே ஏறுகிறது. எவ்வளவு வரை ஏறலாம் என்பதற்கு 1934-லிருந்து புழக்கத்தில் இருக்கும் சௌடர்ஸ்–பிரவுன் சூத்திரம் இருக்கிறது: திரவத்தின் அடர்த்தியிலிருந்து ஆவியின் அடர்த்தியைக் கழித்து, ஆவியின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒரு மாறிலியால் பெருக்குவது. வலை போட்ட பாத்திரத்தில் சுத்தமான திரவத்துக்கு அந்த மாறிலி 0.1 வரை போகும். நுரைக்கிற, கோந்துத் தன்மையுள்ள சாற்றுக்கு நான் 0.02-க்கு மேல் எடுப்பதில்லை. அப்படிப் போட்டால் 60 டிகிரியில் உங்களுக்கு அனுமதி விநாடிக்கு 1.7 மீட்டர்தான்.

இப்போது வேக்குவத்தைக் குறைத்துக் கொதிநிலையை 75 டிகிரிக்கு உயர்த்திப் பாருங்கள். வேக்குவம் 470 மி.மீ. சுமாருக்கு இறங்கும். ஆவியின் வேகம் 1.2 மீட்டருக்கு வந்துவிடும், அனுமதி 1.3-க்குச் சற்றுக் கீழே. எல்லைக்குள் வந்தாயிற்று. சூட்டில் சாறு இளகுவதால் குமிழிகளும் சீக்கிரம் உடையும். காராகீனன் கெட்டுவிடுமே என்றால், 75 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சமைப்பதே அதைவிடச் சூட்டில்தானே. பயப்பட வேண்டியது சூடும் புளிப்பும் சேரும்போது, சங்கிலி அறுந்து ஜெல்லின் பலம் போய்விடும். அதனால் பிஹெச் 8-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிநிலை ஏறியதும் ஆவியாகும் அளவு கொஞ்சம் குறையும். அதை ஈடுகட்ட ஸ்டீம் வால்வைத் திருகாதீர்கள், குழாய்ச் சுவரில் சாறு அடிபிடிக்கும்.

வேக்குவத்தைக் குறைக்க வெளிக்காற்றை விடுவதானால் கண்டென்சருக்கு அப்புறம், பம்ப் பக்கத்தில் விடுங்கள். பாத்திரத்தில் விட்டால் நீங்களே நுரை அடித்துக் கொடுத்த மாதிரி. திரவ மட்டத்துக்குக் கீழே உள்ள கிளாண்டு (தண்டைச் சுற்றிய அடைப்பு), கேஸ்கட் எதிலாவது காற்று உறிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். சைட் கிளாஸில் கொதிப்பு அடங்கிய பிறகும் ஒரே இடத்திலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாக வந்தால் அங்கேதான் ஓட்டை.

அடுத்து, சாறு நுழையும் இடம். 90 டிகிரியில் வருவது 60 டிகிரிப் பாத்திரத்தில் விழுந்ததும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் அந்த வாயிலேயே ஆவியாகி வெடிக்கும். குழாய் மேல்நோக்கியோ நடுவிலோ இருந்தால் துளிகள் நேராக வலைக்குத்தான். உள்சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும்படி பக்கவாட்டில் நுழைய விடுங்கள். 75 டிகிரிக்கு மாறினால் இந்த வெடிப்பும் பாதியாகும். திரவ மட்டத்துக்கும் வலைக்கும் நடுவே ஒரு மீட்டர் வெற்றிடமாவது இருக்கட்டும்.

சரி, வலை ஏன் கைகொடுக்கவில்லை? பொட்டாசியம் கலந்த காராகீனன் சூடு தணிந்தால் உறைந்துவிடும் சரக்கு. மேல்மூடிக்கு இன்சுலேஷன் இல்லாவிட்டால், கடல்காற்று படும் இடத்தில், குறிப்பாக இரவில் நிறுத்தி வைக்கும்போது, வலையில் ஒட்டிய துளிகள் அங்கேயே ஜெல்லாகிவிடும். கழற்றினால் கம்பிகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஒரு படலம் தெரியும். பாதி அடைபட்டால் மிச்ச இடத்தில் ஆவி இரட்டை வேகத்தில் பாயும். தடிப்பான வலை இன்னும் சீக்கிரம் அடையும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். மூடியைப் போர்த்துங்கள். நிறுத்தும் முன் 80 டிகிரிக்கு மேல் சுடுநீரை வலையின் கீழிருந்து தெளித்துக் கழுவுங்கள். அதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் கரையோரத்தில் பல இடங்களில் அது உப்பும் கடினமும். கால்சியம் ஜெல்லை இறுக்கிவிடும். கண்டென்சேட் தெளிந்து வரும் நேரத்தில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டால் அதுவே போதும்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்று போதும். ஆவியோடு உப்பு போகாது, துளியோடுதான் போகும். கண்டென்சேட்டின் டிடிஎஸ் எண்ணை மணிக்கொருமுறை குறித்து, பக்கத்தில் அந்த நேரத்து வேக்குவத்தையும் எழுதினால் இரண்டே நாளில் எந்த வேக்குவத்தில் எண் குதிக்கிறது என்று தெரிந்துவிடும். பாசி எந்த லோடு என்பதையும் எழுதுங்கள். வாடைக்காற்று மழையில் சரியாகக் காயாமல் மூட்டைக்குள் வேர்த்துப்போன பாசியில் நுரை கூடுகிறதா என்று ஒப்பிடலாம். எண் உயர்ந்தால் உறுதிசெய்ய, அந்தத் தண்ணீரை ஒரு குவளையில் பாதியாகச் சுண்டவைத்து, ஆறிய பிறகு அடுப்பை விட்டுத் தள்ளிப்போய் இரு மடங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றுங்கள். வெள்ளை நூலாகத் திரண்டால் அது உங்கள் சரக்கேதான்.

நுரையடக்கி மருந்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உணவுத் தரச் சான்று இல்லாததைத் தொடவே கூடாது. சிலிக்கோன் வகையானால் சரக்கு வாங்குபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எப்படியும் வலை மாற்றும் நாள் வந்தால் 304 எஃகு வேண்டாம். குளோரைடு அந்த மெல்லிய கம்பிகளை அரித்துவிடும். 316எல் கேளுங்கள், விலை கட்டாவிட்டால் பாலிப்ரொப்பிலீன் வலை. 75 டிகிரியை அது தாங்கும், ஆனால் கழுவும் தண்ணீர் 90-ஐத் தாண்ட விடாதீர்கள்.