டி3 ஆடுவது பயமா? இத்தாலியன் ஆட்டம்: கேள்வி பதில்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தருகிறேன். வெள்ளைக்கு நான் முதலில் பழக்குவது மெதுவான இத்தாலியன் என்ற தொடக்க ஆட்டம்தான். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு. டி3, இ4 என்பவை பலகைக் கட்டங்கள்; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய். ரூக் மூலையில் நிற்கும் காய், பிஷப் குறுக்கே போகும் காய்.

வேலந்தாவளம்: மாஷே, இ4 இ5, குதிரை எஃப்3 – குதிரை சி6, பிஷப் சி4 – பிஷப் சி5, சி3 – குதிரை எஃப்6. இங்கே டி4 என்று இறங்காமல் டி3 ஆடுவது பயந்த ஆட்டம் இல்லையா?

பயம் இல்லை. டி4 சண்டை வரத்தான் போகிறது, காய்கள் வந்து சேர்ந்தபின் வரட்டும் என்கிறோம். சி3 சிப்பாய் அந்த டி4-க்குத் துணை. பிஷப்பைத் துரத்தினால் பி3 வழியாக சி2-க்கு ஒதுங்கவும் அதுவே இடம் விடுகிறது. அப்புறம் குதிரையைப் பாருங்கள். காஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கி ரூக்கை அதன் பக்கத்தில் கொண்டுவருவது) முடிந்து ரூக் எஃப்1-லிருந்து இ1-க்கு நகர்ந்ததும், பி1 குதிரை டி2, எஃப்1, ஜி3 என்று சுற்றி வந்து எஃப்5-ஐப் பார்த்து நிற்கும். ஒரு குதிரைக்கு மூன்று நகர்த்தலா? நடுவில் கதவு சாத்தியிருக்கும்வரை நேரம் உண்டு. கறுப்பு டி5 தள்ளினால் வெட்டிக்கொள்ளுங்கள், இ1 ரூக்குக்கு இ5 சிப்பாய் நேர் குறியாகிவிடும்.

வாளையார்: குதிரையை ஜி5-க்கு விட்டு எஃப்7-ல் அடிக்கலாமா?

கறுப்பு காஸ்லிங் செய்தபின் கூடாது. குதிரையையும் பிஷப்பையும் கொடுத்து ஒரு ரூக்கும் சிப்பாயும் வாங்குவீர்கள். குதிரை, பிஷப் மும்மூன்று, ரூக் ஐந்து, சிப்பாய் ஒன்று என்ற மதிப்பில் ஆறுக்கு ஆறு. ஆனால் போனது உழைத்துக்கொண்டிருந்த இரண்டு காய்கள்.

சித்தூர்: ஆனையை சி4-ல் வைத்தபின் மந்திரியை எப்போது வெளியே எடுக்கலாம்?

அவசரமே இல்லை. ரூக் இ1-க்கு வரட்டும்.

பொள்ளாச்சி: யானை மூலையில் அல்லவா நிற்கும், அது எப்படிங்க சி4-க்குப் போகும்? மந்திரி என்றால்தான் பிஷப். அவர் தப்பாக எழுதியிருக்கிறார்.

தப்பில்லை. சித்தூர்க்காரர் சொல்வது மலையாள வழக்கு. மலையாளத்தில் பிஷப்தான் ஆனை, ரூக் தேர், ராணி மந்திரி. நம் ஆட்டம் பாரசீகம், அரபு வழியே போனபோது குறுக்கே தாவிய காய்க்கு யானை என்றே பெயர். ஸ்பானிய மொழியில் இன்றும் பிஷப்புக்கு அல்ஃபில், அந்த அரபு யானைதான். என் வகுப்பில் "யானையை எடு" என்றேன், பாதிக் கைகள் மூலைக்கும் பாதிக் கைகள் பிஷப்புக்கும் போயின. அன்றிலிருந்து ரூக், பிஷப் என்றே சொல்கிறேன்.

பொள்ளாச்சி: அப்போ நாங்க சொல்றது தப்பா?

அதுவும் இல்லை. உங்கள் ஊர்ப் பலகையில் மூலையில் நிற்பது யானை. சித்தூர்க்காரருடன் ஆடும்போது மட்டும் முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரம்: பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் இதற்குத் திரும்பினார்கள்?

வெள்ளை பிஷப்பை பி5-க்கு அனுப்பும்போது கறுப்பு ஆடும் பெர்லின் தடுப்பு ஒரு பெரிய காரணம். 2000-ல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் அதை வைத்து அன்றைய சாம்பியன் காஸ்பரோவை ஒரு ஆட்டம்கூட வெல்லவிடவில்லை. அதற்குப் பிறகு பிஷப்பை பி5-க்கு அனுப்புவதைவிட சி4 பலருக்குப் பிடித்தது.

கோவிந்தாபுரம்: எஃப்7-ல் குதிரை, பிஷப் இரண்டையும்...

கூடாது. வாளையார் பதிலைப் படியுங்கள்.

வண்ணாமடை: சிசிலியனுக்கு (இ4-க்குக் கறுப்பு சி5 ஆடுவது) என்ன செய்வது?

அது வேறு கடல். அதை ஆடிப் பழகியவரிடம் கேளுங்கள்.

நடுப்புணி: சீக்கிரமே பிஷப்பை ஜி5-ல் வைத்துக் குதிரையை ராணிக்கு முன்னால் நகரவிடாமல் கட்டலாமா?

கறுப்பு ராஜா எந்தப் பக்கம் என்று தெரியும்வரை பொறுங்கள். நீங்கள் காஸ்லிங் செய்து, அவர் செய்யாமல் இருந்தால் எச்6, ஜி5 என்று சிப்பாய்கள் உங்கள் ராஜா மேலேயே ஓடிவரும்.