சிரசு போகும் தெரு

அன்புள்ள ஐயா,

எனக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை பெங்களூரில். வைகாசியில் கெங்கையம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். குடியாத்தத்தில் நடப்பது போலவே எங்கள் ஊரிலும் சின்ன அளவில் சிரசு ஊர்வலம், அம்மனின் தலையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோவது, உண்டு. இந்த வருடம் காலனிப் பையன்கள், சிரசு தங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் "வழக்கமில்லை" என்றார்கள். பேச்சு முற்றிக் கல்வீச்சில் போய் நின்றது. தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் போலீஸ் காவலோடு பழைய பாதையிலேயே அவசர அவசரமாக ஊர்வலத்தை முடித்தார்கள். மேளம்கூட இல்லை.

என் அப்பா காலத்தில் மாமன் மச்சானாகப் பழகிய ஊர் இது. கட்சிக் கொடிகளும் வாட்ஸ்அப்பும் வந்துதான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறேன். 1806 சிப்பாய்க் கிளர்ச்சியில் இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து நின்ற மண் அல்லவா வேலூர்? அந்த வரலாற்றை இன்றைய பையன்களுக்கு எடுத்துச் சொன்னால் சண்டைகள் குறையாதா? நம் மாவட்ட வரலாற்றை அறிய என்னென்ன நூல்கள் படிக்கலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நூல் பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவது அந்தக் காலனிப் பையன்களுக்காக. இந்தச் சிரசு விஷயம் கொஞ்ச காலமாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

நூல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1881இல் காக்ஸ் தொகுத்து, பின்னால் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடு இருக்கிறது. கலெக்டர் சித்தூரில் உட்கார்ந்திருந்த காலத்துப் புத்தகம். எழுதியவர்களுக்கு முதல் கவலை வரிவசூல். அதை மறக்காமல் படித்தால் நிறையக் கிடைக்கும். அவ்வளவுதான்.

1806ஐ மருந்து போல ஊட்டுகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சிப்பாய்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் எதற்காகக் கிளம்பினார்கள் என்றும் பாருங்கள். நெற்றியில் சாதிக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சம்பளக் குறையும் இருந்தது, கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனாலும் நெருப்பு பற்றியது அந்தத் தலைப்பாகையில்தான். சேர்ந்து நின்றார்கள், சரி. அவரவர் அடையாளம் அவரவர் உடம்பில் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ந்து நின்றார்கள். உங்கள் ஊரில் "வழக்கமில்லை" என்ற பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், முதல் ஆளாகக் கை தட்டுவார்கள்.

இப்போது சிரசுக்கு வருவோம். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தரணம்பேட்டை முத்யாலம்மன் கோவிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் புறப்படுகிறது. வழியெல்லாம் சூறைத் தேங்காய். கவுண்டன்ய ஆற்றங்கரையில் கோபாலபுரம் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே தயாராக இருக்கும் உடலில் தலையைப் பொருத்துகிறார்கள், கண் திறக்கிறார்கள். அந்த உடலுக்கு என்ன பெயர்? சண்டாளச்சி உடல். பேப்பரில்கூட அப்படியே போடுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆற்று மணலில் குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவரும் ரேணுகை, தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்க்கிறாள். குடம் உடைகிறது. ஜமதக்னி பிள்ளையைக் கூப்பிட்டு அம்மாவை வெட்டு என்கிறார். பரசுராமன் கோடாலியோடு துரத்துகிறான். அவள் ஓடிப்போய்ச் சேரியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறாள். அவன் இருவர் தலையையும் வெட்டுகிறான். அப்பாவிடம் வரம் வாங்கி உயிர்ப்பிக்க வந்தவன், அவசரத்தில் தலையை மாற்றி வைத்துவிடுகிறான். அம்மாவின் தலை, சேரிப் பெண்ணின் உடல். அதுதான் நாம் கும்பிடும் அம்மன்.

இந்தக் கதை சாதியைக் கரைக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. கந்தர்வன் நிழலைப் பார்த்தது அவளில்லை. குடத்தை உடைத்ததும் அவளில்லை. ஓடிவந்தவளுக்கு ஒண்ட இடம் கொடுத்தாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். முனிவர் வீட்டுச் சண்டையில் சேரிப் பெண்ணின் தலை ஏன் போயிற்று? அவள் பேர் என்ன? ரேணுகையின் புருஷன் பேர் தெரியும், பிள்ளை பேர் தெரியும். இவளுக்குப் பிள்ளை குட்டி இருந்ததா என்று யாராவது கேட்டோமா? ரேணுகையின் உடலில் வைத்த அவள் தலை என்ன ஆயிற்று? அவள்தான் எல்லையம்மன் என்று சில ஊர்களில் சொல்கிறார்கள். ஊர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். தலைக்கு ஊர்வலம் உண்டு, தெருவெல்லாம் உண்டு. அந்த உடலோ கோவிலிலேயே காத்திருக்கிறது, தலை வந்து சேரும் வரைக்கும்.

உங்கள் காலனிப் பையன்கள் கேட்டது என்ன? எங்கள் வீட்டுப் பெண்ணின் உடலில் உட்காரப் போகிற தலை, போகிற வழியில் எங்கள் தெருவையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான். இதைவிட வழக்கத்துக்கு உட்பட்ட கோரிக்கை ஒன்று உண்டா? பையன்கள் இப்படி யோசித்துக் கேட்டார்களா, சும்மா வீம்புக்குக் கேட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. கதையைத் தெரிந்து வைத்திருக்கிற ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு நிமிடம் உறைத்திருக்க வேண்டாமா?

திருவிழாவில் சண்டை வந்து புகுந்துவிட்டது என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். இரண்டு தலை விழுந்த கதையைத்தானே வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு நடக்கிறோம்? சண்டை அதற்குள்ளேயே இருக்கிறது தம்பி.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம், "மாமன் மச்சானாகப் பழகிய ஊர்". உங்கள் அப்பா காலனியில் யாரை மாமா என்று கூப்பிட்டார்? அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, அறுபது வயதுப் பெரியவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்? பேர் சொல்லி, வாடா போடா என்று. ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அந்தப் பெரியவர் உங்கள் அப்பாவை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்றும் கேளுங்கள். இந்த ஒற்றுமையைத்தான் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிறீர்கள் என்றால் என்னிடம் வராதீர்கள்.

எங்கள் தாத்தா கர்ணம். 1980இல் எம்.ஜி.ஆர். அந்தப் பதவியை ஒழிக்கும் வரைக்கும் ஊர்க் கணக்கு முழுக்க எங்கள் வீட்டு மரப்பெட்டியில்தான் இருந்தது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். ஒருநாள் காலை கோலார் தங்கவயலிலிருந்து லீவில் வந்த ஒருவர் எங்கள் திண்ணைக்கு எதிரே தெருவில் வந்து நின்றார். சேரிக்காரர். காலில் கறுப்பு பூட்ஸ், வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம். வாங்கிய நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும். தாத்தா ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. உட்காரச் சொல்லவில்லை. மற்றவர்கள் என்றால் தெருவோரத்தில் குந்திவிடுவார்கள். அவர் குந்தவில்லை, நின்றார். நடுவில் ஒருமுறை கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆயாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பூட்ஸைக்கூட விட்டிருப்பாள். "இன்னா திமிரு பாரு, நம்ம வாசல்ல நின்னுக்கினு மணி பாக்கறான்" என்றாள்.

தங்கவயலைச் சேர்க்காமல் வட ஆற்காட்டின் சாதி வரலாற்றை எழுத முடியாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு நம் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பங்காருப்பேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம். மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறையை உடைத்தார்கள். நெஞ்சில் கல்தூசி அடைத்துச் செத்தவர்கள் ஏராளம். ஆனால் கையில் மாதச் சம்பளம் வந்தது. படி நெல்லுக்குப் பண்ணை வாசலில் நிற்க வேண்டியதில்லை. பௌத்த சங்கம் வைத்தார்கள். தமிழ்ப் பௌத்தம் பேசிய அயோத்திதாசரின் பத்திரிகையை வரவழைத்துப் படித்தார்கள். இப்படி ஒரு போக்கிடம் கிடைத்த பிறகுதான் ஊருக்கு வந்து தெருவில் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அவர் வந்து போன அடுத்த ஆடியில் எங்கள் ஊர்க் கூழ் வார்க்கிற திருவிழாவுக்குப் பறையடிக்க ஆள் வரவில்லை. ஊரே கொந்தளித்தது. எங்கள் ஊரில் "கலவரம்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்போதுதான். அதுவரை ஒற்றுமைதான், உங்கள் அப்பா ஊரைப் போலவே.

சுரங்கம் 2001இல் மூடிவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகள். ஊர்ப் பெண்ணும் காலனிப் பெண்ணும் ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தூங்கி வழிந்தபடி வருகிறார்கள். இறங்குவது வேறு வேறு ஸ்டாப்பில். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் என்ன செய்தன என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் விரிவாகத் தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தப் பஸ் என்ன செய்தது என்று எழுத இன்னும் யாரும் உட்காரவில்லை.

தாத்தாவின் பெட்டியில் துணி ஒட்டிய கிராம வரைபடம் ஒன்று இருந்தது. வண்டிப்பாதை இரட்டைக் கோடு, நடைபாதை புள்ளிக்கோடு. விரலால் பாதைகளைத் தொட்டுக்கொண்டே போவது எனக்கு ஒரு விளையாட்டு. சேரியிலிருந்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கிளம்பும் புள்ளிக்கோடு பாதி வழியில் ஒரு பட்டா நிலத்தின் வரப்போடு நின்றுவிடும். அப்புறம் வெறும் வெள்ளை. "இதுக்கு மேல எப்படி தாத்தா போவாங்க?" என்று கேட்டேன். "போவாங்க" என்றார். கணக்கை எழுதியவர் சொன்ன முழு விளக்கமே அவ்வளவுதான்.

எப்படிப் போவார்கள் என்று 2019 ஆகஸ்டில் நாடே பார்த்தது. வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி மற்ற சாதியாரின் நிலத்துக்குள் அடைபட்டிருந்தது. மாலை போட்ட பாடை அந்தரத்தில் ஆடிக்கொண்டே இறங்குவதும், கீழே நிற்பவர்கள் கைநீட்டி வாங்குவதும் வீடியோவில் இருக்கிறது. அதே மாதம்தான் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பும் வந்தது. நம் ஆட்களுக்கு எது பெரிய செய்தியாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அதிகாரிகள் வேறொரு இடத்தைச் சுடுகாட்டுக்கு ஒதுக்கியபோது, தனிச் சுடுகாடு ஒதுக்கினால் அரசே பிரிவினைக்குத் துணைபோவதாக ஆகாதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அந்த வழியில் கொடியுமில்லை, வாட்ஸ்அப்புமில்லை. வேலிதான் இருந்தது.

எந்த ஊரிலும் கலவரம் எதைப் பற்றியது என்று தோண்டிப் பாருங்கள். சாமி எந்தத் தெருவில் போகும், பிணம் எந்த வரப்பில் போகும், மதகு திறந்தால் தண்ணீர் யார் கழனிக்கு முதலில் போகும். பெரும்பாலும் இதில் ஒன்றாக இருக்கும். ராஜாக்களும் கோட்டையும் இதற்கெல்லாம் வெளியே எங்கோ இருக்கிறார்கள்.

ஆகவே படிப்பது இருக்கட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாலுகா ஆபீஸில் மனுப் போட்டுக் கிராம வரைபடத்தையும், எந்த நிலம் யார் பேரில் என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் வாங்குங்கள். 1980களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு நடந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள் அல்லவா, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடும் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பாதை எந்தப் பட்டாவுக்குள் காணாமல் போயிற்று என்று பாருங்கள். சிரசு போகும் பாதை, சுடுகாட்டுப் பாதை, ஏரிக்கால்வாய் மூன்றையும் ஒரே தாளில் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் காலனிக்குப் போங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வராதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். தங்கவயலுக்குப் போய்வந்த குடும்பம் ஒன்றாவது இருக்கும். என்றைக்குப் பறையடிப்பதை விட்டார்கள், அப்போது ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். அந்தப் பையன்கள் எந்த வழியாகச் சிரசைக் கேட்டார்கள் என்று அவர்களையே உங்கள் தாளில் கோடு போடச் சொல்லுங்கள்.

எழுதி அனுப்புங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் இங்கே போடுகிறேன். உங்கள் பெயரோடுதான் போடுவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.