டல்லாஸிலிருந்து மிசௌரிக்கு வில் வேட்டை: முதல் பயணத்துக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டல்லாஸில் ஹெச்1பி விசாவில் இருக்கிறீர்கள், காம்பவுண்ட் வில் நன்றாகவே பழகியாகிவிட்டது, டெக்சாஸில் வேட்டை நிலம் லீஸ் எடுக்கப் பணம் கட்டுப்படியாகவில்லை, வெள்ளைவால் மானுக்கு வெளி மாநிலம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். டெக்சாஸில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். அங்கே பணம் இல்லாதவனுக்கு மான் இல்லை.

"மானைக் கொல்ல வழி சொல்கிறாயா" என்று வரப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி இது ஜெயில். அங்கே யாரும் யோசிக்கவே வேண்டாம். மிசௌரியில் அரசே அனுமதிச் சீட்டு விற்று மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது. வில் விலையில் சேரும் 11 சதவீத மத்திய வரி காட்டுயிர்ப் பராமரிப்புக்குப் போகிறது. சிக்கன் பிரியாணியை முன்னால் வைத்துக்கொண்டு ஜீவகாருண்யம் பேசுபவர்களிடம் எனக்கு வாதம் இல்லை.

ஏன் மிசௌரி? பெரிய கொம்புக்கு எல்லோரும் கனவு காண்பது அயோவாவை. அங்கே வெளி மாநிலத்தாருக்கு ஆண் மான் சுடும் டேக் (அனுமதிச் சீட்டு) வருடத்துக்கு 6,000 பேருக்கு மட்டுமே, வில்லுக்கு அதில் ஒரு பங்குதான். நல்ல பகுதி கிடைக்கப் பல வருடம் குலுக்கலில் முன்னுரிமைப் பாயின்ட் சேர்க்க வேண்டும். கன்சாஸில் ஏப்ரலிலேயே குலுக்கலுக்கு எழுதிப்போட வேண்டும். மிசௌரியில் குலுக்கல் இல்லை, ஆன்லைனில் அன்றைக்கே வாங்கலாம். வெளி மாநிலத்தார் வில் அனுமதி 250 டாலருக்கு மேல். 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் துப்பாக்கிப் பருவத்தில் வேட்டையாடத்தான் ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி) சான்றிதழ் வேண்டும், டெக்சாஸில் வாங்கியது செல்லும். வில் அனுமதிக்கு அது கேட்பதில்லை. விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மத்திய சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. வில் அந்தச் சட்டத்துக்குள் வராது.

எப்போது? அக்டோபர் 30-லிருந்து நவம்பர் 10-க்குள். இணைசேர்க்கை உச்சத்துக்கு வருவது நவம்பர் நடுவில். அதற்கு முந்தைய பத்து நாளில்தான் ஆண் மான் பெண் மானைத் தேடிப் பகலிலும் அலையும். நவம்பர் நடுவில் துப்பாக்கிப் பருவம் தொடங்கியதும் வில் பருவம் நின்றுவிடும். அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் முதல் வார இறுதியில் சிறுவர்களுக்கான துப்பாக்கிப் பருவம் வரும். அந்த இரண்டு நாளும் வில் வேட்டைக்காரரும் ஆரஞ்சுத் தொப்பி, மேல்சட்டை போட வேண்டும். பலருக்கு இது தெரியாமல்தான் அபராதம் விழுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போவதையும் மறக்காதீர்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரைதான் சுடலாம்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. தேங்க்ஸ்கிவிங்குக்கு ஆபீஸே காலியாகும், யாரும் காரணம் கேட்பதில்லை. தீபாவளியை ஒட்டி ஒரு நாள் கேட்டால் மட்டும் "ரிலீஸ் வாரமாச்சே" என்பார்கள். அந்த லீவில் வேட்டைக்குப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்கள் பாடு.

இடத்துக்கு வருவோம். தெற்கே மார்க் ட்வெய்ன் தேசியக் காடு சுமார் 15 லட்சம் ஏக்கர். நிலம் ஏராளம், ஆனால் ஏக்கருக்கு மான் குறைவு, மேடு பள்ளம் அதிகம். வடக்கே சோயா, மக்காச்சோள வயல்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கும் கன்சர்வேஷன் ஏரியாக்கள் (மாநிலத் துறையின் பொதுநிலங்கள்) சின்னவை, ஆனால் மானுக்குத் தீனி அங்கேதான். டல்லாஸிலிருந்து பத்து மணி நேர ஓட்டம் என்றாலும் நான் வடக்கைத்தான் சொல்வேன். ஒவ்வொரு ஏரியாவுக்கும் தனி விதி உண்டு, போகும் முன் அதன் இணையப் பக்கத்தைப் படியுங்கள். மரத்தில் ஊதா பெயின்ட் கோடு தெரிந்தால் தனியார் நிலம் என்று அர்த்தம், டெக்சாஸில் போலவே. சில கவுன்டிகளில் ஒரு பக்கக் கொம்பில் நாலு முனையாவது இருந்தால்தான் ஆண் மானைச் சுடலாம். தீனி போட்டு வேட்டையாடுவது மாநிலம் முழுக்கத் தடை.

கன்சர்வேஷன் ஏரியாவில் மரத்தில் உட்காரும் ஸ்டாண்டில் கழற்றி எடுக்கும் வகை மட்டும்தான் கட்டலாம். ஆணியும் மரத்தில் திருகும் படியும் கூடாது. விட்டுவிட்டு வந்தால் பெயர், முகவரி எழுதிய பட்டை அதில் இருக்க வேண்டும். செப்டம்பரிலேயே நாலு ஸ்டாண்டைக் கட்டிப்போட்டு "இது என் மரம்" என்று சண்டைக்கு வருகிற உள்ளூர்க்காரர்கள் உண்டு. பொதுநிலத்தில் மரம் யாருக்கும் பட்டா இல்லை, ஆனாலும் வாக்குவாதம் செய்யாமல் 300 கஜம் தள்ளிப் போய்விடுங்கள். ஐந்து நாள் பயணக்காரருக்குச் சேடிலும் (மரத்தில் தொங்கி உட்காரும் பட்டை) மரத்தில் கட்டி ஏறும் நாலு ஏணிக்குச்சியும் போதும், தினம் இடம் மாற்றலாம். 18 முதல் 20 அடி உயரம். ஹார்னஸை (உடல் பாதுகாப்புப் பட்டை) தரையிலேயே மாட்டி, மரத்தில் கட்டிய லைஃப்லைன் கயிற்றில் கோத்துக்கொண்டு ஏறுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள்.

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று. காலையில் வெயில் ஏற ஏற வாசம் மேட்டை நோக்கி எழும், மாலையில் பள்ளத்தில் இறங்கும். போன் ஆப் காட்டும் திசை பள்ளத்தாக்குக்குள் பொருந்தாது. ஒரு டப்பா மில்க்வீட் பஞ்சு (நம் எருக்கம்பஞ்சின் உறவுதான்) வைத்துக்கொண்டு ஓரிழை பறக்கவிட்டுப் பாருங்கள். காற்று தப்பான மரத்தில் "இன்று ஒரு நாள்தானே" என்று உட்கார்ந்தால், மோப்பம் பிடித்த பெண் மான் அந்த வாரம் முழுவதற்கும் அந்த இடத்தைக் கெடுத்துவிடும்.

வில்லை டெக்சாஸ் வெயிலில் மூடிய காரில் வைக்காதீர்கள். நாண் நீளும், நாணில் குறிபார்க்கும் துளையான பீப் திரும்பும். கேம் (வில் முனையில் சுழலும் சக்கரம்) நிற்கும் இடத்தை வெள்ளி மார்க்கரால் குறித்து வைத்தால் ஏதாவது நகர்ந்ததா என்று போய்ச் சேர்ந்ததும் தெரியும். அம்பின் எடை 400 முதல் 450 கிரெய்ன், அதில் முனை 100 அல்லது 125. பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் (வேட்டைக்கான கத்தி முனை) 30 கஜத்தில் ஒரே இடத்தில் விழ வேண்டும். பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் அம்பைத் தாங்கும் ரெஸ்டைத் துளியூண்டு வலப்பக்கம் தள்ளுங்கள், குறிபார்க்கும் சைட்டைத் தொடாதீர்கள். நாணை விடுவிக்கும் ரிலீஸ் இன்னொன்று, அது மாட்டும் டி-லூப் கயிறு, ஆலன் கீ செட் பையில் இருக்கட்டும்.

யூடியூபில் 60 கஜத்தில் சுட்டுக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். நாண் சத்தத்துக்கு மான் தாழ்ந்துவிடும். உங்களுக்கு எல்லை 25 கஜம், மான் பக்கவாட்டிலோ சற்று விலகிய கோணத்திலோ நிற்க வேண்டும். அம்பில் இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரல், அரை மணி பொறுத்து இறங்குங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நாலு முதல் ஆறு மணி நேரம். பச்சையும் நாற்றமும் என்றால் வயிறு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து அடுத்த கவுன்டிக்கே போய்விடும்.

மான் கிடைத்ததும் அனுமதியில் குறிக்க வேண்டும். அன்று இரவு 10 மணிக்குள், கறி போடுவதற்கும் மாநில எல்லையைத் தாண்டுவதற்கும் முன், டெலிசெக்கில் (மாநிலத் துறையின் வேட்டைப் பதிவு முறை) பதிவு செய்ய வேண்டும். தவறினால் எல்லை தாண்டியதும் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி (விதி மீறிப் பிடித்த காட்டுயிரை மாநிலம் விட்டுக் கடத்துவதற்கு எதிரானது) மத்தியக் குற்றமாகலாம். விசாக்காரருக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

முழு மானைக் காரில் ஏற்றி டெக்சாஸ் வராதீர்கள். சி.டபிள்யூ.டி. என்ற மான்களின் மூளை நோய் காரணமாக மூளை, தண்டுவடம் வரக்கூடாது. எலும்பெடுத்த கறி வரலாம், கொம்போடு கூடிய மண்டைத் தகடு சுத்தமாகச் சுரண்டியிருக்க வேண்டும். பெரிய ஆண் மானில் 25 முதல் 30 கிலோ கறி தேறும். 100 குவார்ட்டுக்குக் குறையாத கூலர் எடுங்கள், வடிகாலைத் திறந்தே வையுங்கள், கறி தண்ணீரில் ஊறக்கூடாது. கழுத்தில் ஆறு அங்குலம் விட்டுத் தலையை மாநிலத் துறையிடம் கொடுத்தால் இலவசமாகப் பரிசோதிப்பார்கள். முடிவு வரச் சில வாரமாகும், அதுவரை ஃப்ரீசரில் இருக்கட்டும். பாசிட்டிவ் என்றால் சாப்பிடக் கூடாது. இரண்டு மான் கிடைத்தால் கறியைக் கலக்காமல், ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதன் டெலிசெக் எண்ணை எழுதி வையுங்கள்.